சிவப்பு மை மங்கிய வாரம்: ஓர் எம்எஸ் பதிவேட்டில் என் ஆறு ஆண்டுகள்

மருந்துக்கு விமர்சனம் எழுதுகிறார்கள், மருத்துவமனைக்கு எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது ஒரு படிவத்துக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்னஞ்சலில் வந்து நிற்கும்: "உங்கள் கேள்வித்தாள் தயாராக உள்ளது." மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்எஸ்) உள்ளவர்களின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைக்கும் நோயாளர் பதிவேடு ஒன்றில் நான் சேர்ந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் வந்ததை விட்டுவிட்டால் இதுவரை 12 கேள்வித்தாள்கள் வந்தன. 9 நிரப்பியிருக்கிறேன். விட்டுப்போன மூன்றுக்கும் ஒரு கதை உண்டு, பிறகு வருகிறேன்.

பதிவேட்டின் பெயர் வேண்டாம். நிறையக் குறை சொல்லப்போகிறேன். நடத்துகிறவர்கள் நல்ல மனிதர்கள். அதோடு, இந்தக் குறைகளில் பாதி எந்தப் பதிவேட்டுக்கும் பொருந்தும்.

எம்எஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை, உடலின் எதிர்ப்புசக்தியே வெளியாள் என்று நினைத்து அரிக்கும் நோய். எந்த இடத்தில் அரிக்கிறதோ அதைப் பொறுத்துக் கண், கால், கை, சிறுநீர்ப்பை, ஞாபகம் என்று ஆளுக்கு ஆள் வேறு வேறாகக் காட்டும். 2020 கணக்குப்படி உலகத்தில் சுமார் 28 லட்சம் பேருக்கு இருக்கிறது. ஒருவரைப் போல இன்னொருவர் இல்லாத நோய் என்பதால்தான் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. அதனால் எந்தப் படிவத்தைக் கண்டாலும் நிரப்புவதற்கு முன்னால் பிழை தேடுவேன்.

சேர்த்துவிட்டவர் மருத்துவமனையில் ஊசி ஏற்றும் அறையில் இருந்த நர்ஸ். கையில் மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒப்புதல் தாளை நீட்டினார்.

"இதில் சேர்ந்தால் எனக்கு என்ன சிஸ்டர்?"

"உங்களுக்கு நேரா ஒண்ணும் இல்லைக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

அந்தப் பதிலுக்காகவே கையெழுத்துப் போட்டேன். ஒப்புதல் தாளை நன்றாகவே செய்திருந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்து என்று இல்லாமல் மூன்று தனித்தனிக் கட்டங்கள்: மருத்துவமனை என் விவரங்களை ஏற்றலாமா, எனக்கு நேரடியாகக் கேள்வித்தாள் அனுப்பலாமா, பெயர் நீக்கிய விவரங்களை மற்ற ஆய்வாளர்களுக்கும் மற்ற நாட்டுப் பதிவேடுகளுக்கும் தரலாமா. ஒன்றுக்குச் சரி சொல்லி இன்னொன்றுக்கு வேண்டாம் சொல்லலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மருந்து நிறுவனம் பணம் கொடுத்து ஆய்வு கேட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. நிறுவனத்துக்குத் தொகுத்த அட்டவணைகள் போகும், ஆட்களின் விவரம் போகாது. நல்ல பதில்தான். அதை முதல் பக்கத்தில் போட என்ன தயக்கமோ.

பதிவேட்டுக்கு இரண்டு பாதி. ஒன்று மருத்துவமனை நிரப்புவது: நோய் தொடங்கிய தேதி, ஒவ்வொரு மீள்தாக்குதலின் (நோய் திடீரென்று மறுபடி தாக்குவதன்) தேதி, எம்ஆர்ஐயில் புதுத் தழும்புகள் உண்டா, எந்த மருந்து எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது, ஏன் நிறுத்தியது. அப்புறம் ஊனம் எவ்வளவு என்று அளக்கும் இடிஎஸ்எஸ் என்ற மதிப்பெண். மற்றப் பாதி நான் நிரப்புவது.

இந்த இடிஎஸ்எஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பதிவேட்டு உலகம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. கர்ட்ஸ்கே என்ற நரம்பியல் மருத்துவர் 1983-இல் இப்போதுள்ள வடிவத்தைக் கொடுத்தார். 0 என்றால் குறை ஒன்றுமில்லை. 10 என்றால் எம்எஸ்ஸால் மரணம். நடுவில் 1-இலிருந்து அரை அரையாக ஏறும். 4-ஐத் தாண்டினால் மதிப்பெண் ஏறக்குறைய முழுக்க நடையைத்தான் பார்க்கிறது. ஓய்வில்லாமல் 500 மீட்டர் நடந்தால் 4. 200 மீட்டர் என்றால் 5. 100 மீட்டருக்கு ஒரு கைத்தடி வேண்டும் என்றால் 6. கை என்ன ஆயிற்று, மூளை எவ்வளவு நேரம் உழைக்கிறது என்பதெல்லாம் அந்த உயரத்தில் எண்ணை அதிகம் அசைப்பதில்லை.

நான் 2.5. கடந்த 6 ஆண்டுகளாக 2.5. நடை பரவாயில்லை. எனக்குப் போவது வலது கை.

இதைப் பிடித்தது பதிவேட்டின் இன்னொரு சோதனை. ஒன்பது துளைப் பலகை. ஒரு சின்ன பிளாஸ்டிக் பலகை, அதில் ஒரு குழிந்த தட்டு, ஒன்பது குச்சிகள், ஒன்பது துளைகள். குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் செருக வேண்டும்; ஒன்பதும் நின்றதும் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டில் போட வேண்டும். நர்ஸ் கையில் ஸ்டாப்வாட்ச். குழந்தைகள் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் விரல்நுனி மரத்துப்போனவருக்குக் குச்சியைத் தொட்டது எப்போது, பிடித்தது எப்போது என்று தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் "சரி, பிடித்துவிட்டேன்" என்று உறுதிசெய்ய வேண்டும். அந்த ஒரு பார்வைக்கு ஆகும் நேரம்தான் ஸ்டாப்வாட்சில் கூடுகிறது. முதல் ஆண்டு வலது கைக்கு 22 வினாடி. போன தடவை 31. இடது கை இன்னும் 21-இலேயே இருக்கிறது.

பதிவேட்டில் எனக்குப் பிடித்த அம்சமும் இங்கேதான் வருகிறது. நம் எண்களைக் கோடாக வரைந்து நமக்கே காட்டுகிறது. இடிஎஸ்எஸ் கோடு மேசைவிளிம்பு மாதிரி நேராகப் போகிறது. அதன் கீழே வலது கைக் கோடு, மீள்தாக்குதல் ஒன்றும் இல்லாமலே, மெல்ல மெல்ல ஏறுகிறது. அதை அச்செடுத்துக்கொண்டுபோய் என் நரம்பியல் மருத்துவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு ஆண்டுகளாக "நிலையாக இருக்கிறது" என்று எழுதிவந்தவர். தாளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் பலகை வெளியே வருகிறது. இந்த ஒரு காரியத்துக்காகவே ஒரு நட்சத்திரம் கூடப் போடலாம்.

இனி குறைகள்.

முதல் குறை, நேரம். நான் நிரப்பும் கேள்வித்தாள் முழுசாக முடிக்க எனக்கு 40 நிமிடம் ஆகும். 15 நிமிடம் கையை அசைக்காமல் இருந்தால் தளம் நம்மை வெளியேற்றிவிடும்; நிரப்பிய பக்கமும் போய்விடும். பாதுகாப்புக்காகவாம். எம்எஸ்ஸில் மிகப் பரவலான தொல்லை சோர்வு. தூங்கி எழுந்தாலும் போகாத, பாதி வாக்கியத்தில் ஆளைக் கவிழ்க்கும் சோர்வு. "கடந்த இரண்டு வாரங்களில் சோர்வு உங்களை எவ்வளவு பாதித்தது?" என்று கேட்டுவிட்டு, பதில் யோசிக்கும்போதே கண்ணசந்தவரை வெளியே தள்ளும் படிவத்தை யார் சோதித்துப் பார்த்தார்கள்? வலியைக் காட்ட ஒரு நகர்த்தும் பட்டை வேறு. நடுங்கும் விரலால் அதை 6-இல் நிறுத்த முயன்று 8-இல் விட்டிருக்கிறேன். என் வலி ஆறுதான். பதிவேட்டில் எட்டு. பட்டைக்குப் பதிலாக எண்களை வரிசையாகப் போட்டிருந்தால் தட்டிவிட்டுப் போயிருப்பேன்.

இரண்டாவது குறை, அந்த "இரண்டு வாரம்". எம்எஸ்ஐஎஸ்-29 என்று ஒரு கேள்வித்தொகுப்பு பல பதிவேடுகளிலும் புழங்குகிறது. 29 கேள்விகள், 20 உடம்பைப் பற்றி, 9 மனதைப் பற்றி. நன்றாக எழுதப்பட்டவை, மெய்ப்புக்காரியாகச் சொல்கிறேன், வீண் சொல் ஒன்றும் இல்லை. எல்லாமே கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தாளில் இரண்டு வாரத்தைக் கேட்டால் மீதி ஐந்தரை மாதம் இருட்டில் போகிறது. மூன்றாம் ஆண்டில் கால் இரண்டும் இடுப்புவரை மரத்து ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்ட பருவம், என் பதிலில் ஒரு துளிகூடத் தெரியாது. தாள் வந்தபோது நான் எழுந்து நடந்துகொண்டிருந்தேன். மருத்துவமனைப் பாதியில் அந்தத் தாக்குதலின் தேதி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது எனக்கு எப்படி இருந்தது என்பது எங்கும் இல்லை.

விட்டுப்போன மூன்று தாள்களுக்கும் இதே கதைதான், தலைகீழாக. அவை வந்த நேரத்தில் நான் நிரப்பும் நிலையில் இல்லை. நினைவூட்டல் இரண்டு வந்தது, மூன்றாவது வரவில்லை, கதவு மூடிவிட்டது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் நன்றாக இருக்கும்போதெல்லாம் நிரப்புகிறேன், மோசமாக இருக்கும்போது விட்டுவிடுகிறேன். என்னைப் போலவே பல்லாயிரம் பேர் செய்தால் பதிவேட்டில் தெரியும் எம்எஸ் உண்மையான எம்எஸ்ஸைவிடக் கொஞ்சம் லேசான நோயாக இருக்கும். ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை, விடுபட்ட தரவைச் சமாளிக்கக் கணக்குமுறைகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் "இந்த முறை என்னால் முடியவில்லை" என்று ஒரே ஒரு பொத்தான் இருந்தால்? அதை அழுத்தும் தெம்பு எப்போதும் இருந்தது.

மூன்றாவதுதான் பெரிய குறை. என் தொழிலோடு சேர்ந்ததும் அதுதான்.

ஐந்தாவது தாளை நிரப்பும்போது என் பதிவின் மேல்பகுதியைத் தற்செயலாகத் திறந்தேன். "நோய் தொடங்கிய தேதி" என்ற இடத்தில், எனக்கு நோய் கண்டறியப்பட்ட மாதம் இருந்தது. யாரோ அவசரத்தில் இரண்டு தேதியையும் ஒன்றாக்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டபோது நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஏனென்றால் அப்போது எனக்கே தெரியாது.

பிறகுதான் தெரிந்தது. நோய் கண்டறியப்படுவதற்கு 2 ஆண்டு 4 மாதம் முன்னால், ஒரு தடித்த புத்தகத்தின் மெய்ப்பில் உட்கார்ந்திருந்தேன். சிவப்புப் பேனா தீர்ந்துகொண்டு வருகிறது என்று நினைத்தேன். எழுத்து விழுகிறது, ஆனால் நிறம் செங்கல்பொடி மாதிரி மங்கல். பேனாவை எறிந்துவிட்டு வேறொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுத்தபோது, மூக்கு அரித்து வலது கண்ணை மூடினேன். சிவப்பு பளிச்சென்று வந்தது. இடது கண்ணை மூடினேன், திரும்பவும் செங்கல்பொடி. கண்ணை உருட்டினால் பின்பக்கம் ஒரு வலி. கண் களைத்துவிட்டது என்று ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். ஆறு வாரத்தில் தானாகச் சரியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

அது பார்வை நரம்பு அழற்சி. எம்எஸ் முதலில் தலைகாட்டும் வழக்கமான வழிகளில் ஒன்று. சிவப்பு வெளிறித் தெரிவது அதன் அடையாளம். நோய் உறுதியான பிறகு எடுத்த விஇபி என்ற பார்வை நரம்புச் சோதனையில், வலது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் சைகை தாமதமாகப் போவதும் தெரிந்திருந்தது. யாரும் அதையும் இந்தத் தேதியையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். 2020-இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2004-இல் தொடங்கி மெல்போர்னிலிருந்து நடக்கும் எம்எஸ்பேஸ் என்ற பன்னாட்டுப் பதிவேட்டையும் ஸ்வீடனின் தேசியப் பதிவேட்டையும் சேர்த்துச் செய்தது. நோய் தொடங்கிய 2 ஆண்டுக்குள் வீரியமான மருந்தைத் தொடங்கிய 213 பேர் ஒரு பக்கம். 4 முதல் 6 ஆண்டுக்குள் அதே வகை மருந்துகளைத் தொடங்கிய 253 பேர் மறுபக்கம். பத்தாம் ஆண்டில் முன்னவர்களின் சராசரி இடிஎஸ்எஸ் 2.3, பின்னவர்களுடையது 3.5. சீக்கிரம் தொடங்கு என்று இன்று மருத்துவர்கள் அழுத்திச் சொல்வதற்குப் பின்னால் இந்த மாதிரி எண்கள் இருக்கின்றன. இந்த எண்கள் நிற்பது எதன் மேல்? "நோய் தொடங்கிய தேதி" என்ற ஒரு கட்டத்தின் மேல்.

என் பதிவின்படி நான் 5 மாதத்தில் வீரிய மருந்து தொடங்கியவள், சீக்கிரக் கட்சி. உண்மையில் 2 ஆண்டு 9 மாதம். எந்தக் கட்சியிலும் சேராதவள். இப்படி ஓர் ஆய்வில் என் பெயரில்லாத வரி தப்பான பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஓர் ஆளால் ஒன்றும் கவிழாதுதான். ஆனால் 213 பேர் கொண்ட பட்டியலில் ஓர் ஆள் என்பது பக்கத்துக்கு ஓர் எழுத்துப்பிழை மாதிரி. எனக்குத் தூக்கம் வராது.

திருத்தப் போனால், அந்தக் கட்டத்தைத் திருத்த நோயாளிக்கு அனுமதி இல்லை. சுட்டிக்காட்டவும் பொத்தான் இல்லை. பொது முகவரிக்கு எழுதினேன், பதில் இல்லை. நர்ஸிடம் சொன்னேன், மருத்துவர் ஒப்ப வேண்டும் என்றார். மருத்துவர், "ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. அந்தப் புத்தகத்தின் பழைய மெய்ப்புக்கட்டு பரணில் கிடந்தது. 112-ஆம் பக்கம் வரை ஒரே பேனா. அதற்குப் பிறகு மூன்று பக்கத்துக்குள் மூன்று பேனா, மூன்று சிவப்பு, மூன்றுமே இப்போது பார்த்தால் நல்ல சிவப்பு. ஓரத்தில் நான் தேதி போட்டிருந்தேன், தொழில் பழக்கம். கட்டோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மருத்துவர் சிரித்துவிட்டார். அன்றைக்கே திருத்தம் போட்டார். சுட்டிக்காட்டியதிலிருந்து திருத்தம் ஏற இரண்டரை மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தேடியது.

குறையை இவ்வளவு சொன்னவள் ஏன் இன்னும் இருக்கிறேன்? மருந்தை அனுமதிக்க நடக்கும் சோதனைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடுகின்றன. வயதானவர்களையும் வேறு நோய் உள்ளவர்களையும் அதிகம் சேர்ப்பதில்லை. எம்எஸ்ஸோ முப்பது நாற்பது ஆண்டு கூடவே வரும். அந்த நீளத்தைப் பார்க்கப் பதிவேடு தவிர வேறு வழி குறைவு. டென்மார்க் இதை 1956-லேயே தொடங்கிவிட்டது, இன்றும் நடக்கிறது. நடாலிசுமாப் என்ற மருந்து 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பிஎம்எல் என்ற அபாயமான மூளைத்தொற்று சிலருக்கு வந்ததால் 2005 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 2006-இல் திரும்பி வந்தபோது, அதை எடுக்கும் ஒவ்வொருவரையும் பதிவுசெய்து கண்காணிக்கும் ஏற்பாட்டோடுதான் வந்தது. யாருக்கு ஆபத்து அதிகம் என்பது, அந்தத் தொற்றை உண்டாக்கும் ஜேசி வைரஸுக்கு எதிர்ப்பொருள் உள்ளவர்கள், இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்தவர்கள், முன்பு எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்து எடுத்தவர்கள் என்று பிறகு பிரித்துச் சொல்ல முடிந்தது.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் டென்மார்க்கும் ஸ்வீடனும். பக்கத்துப் பக்கத்து நாடுகள், இரண்டிலும் நல்ல பதிவேடு, ஆனால் மருத்துவர்களின் பழக்கம் வேறாக இருந்தது. அப்போது ஸ்வீடனில் 100 பேரில் சுமார் 35 பேருக்கு முதல் மருந்தே வீரிய மருந்தாக இருந்தது. டென்மார்க்கில் 8 பேருக்குக்கூட அப்படி இருக்கவில்லை. 2021-இல் இரண்டு பதிவேடுகளிலிருந்தும் 4,861 பேரை எடுத்து ஒப்பிட்டார்கள். ஸ்வீடன் பக்கம் ஊனம் கூடும் வேகம் 29 சதவீதம் குறைவு. யாரும் சோதனை என்று ஒன்றை நடத்தவில்லை. இரண்டு நாட்டு மருத்துவர்களும் அவரவர் வழக்கப்படி வைத்தியம் பார்த்தார்கள், ஒழுங்காக எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான்.

கொரோனா வந்தபோதும் 28 நாடுகளிலிருந்து விவரம் திரட்டி, 2,340 பேரை வைத்து, ஒக்ரெலிசுமாப், ரிடுக்சிமாப் என்ற மருந்துகளை எடுப்பவர்களுக்குக் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். நான் எடுப்பது அவற்றில் ஒன்று. அப்போது வந்த கூடுதல் கேள்வித்தாள் 7 கேள்விதான். மூன்று நிமிடத்தில் முடித்தேன், வெளியே தள்ளவும் இல்லை. குட்டியாகக் கேட்டால் எல்லோரும் நிரப்புவார்கள் என்று அப்போதாவது புரிந்திருக்க வேண்டும்.

மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை. ஒப்புதல் தாளுக்கும் கைக் கோட்டுக்கும் முழு மதிப்பெண். கால அளவுக்கும் நகர்த்தும் பட்டைக்கும் கழித்தது ஒன்று. திருத்த வழியில்லாததற்கு அரை. அதற்கு ஒன்றரை கழித்திருப்பேன், அந்த நர்ஸை நினைத்து விட்டுவிட்டேன்.

உங்களுக்கு எம்எஸ் இருந்து பதிவேட்டில் சேர யோசித்தால் சேருங்கள். சேரும் அன்றைக்கே உங்கள் பதிவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நோய் தொடங்கிய தேதி, முதல் மருந்து தொடங்கிய தேதி, இந்த இரண்டையும் வீட்டுக்குப் போய்ப் பழைய சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேள்வித்தாளைக் காலையில் நிரப்புங்கள், பக்கத்துக்குப் பக்கம் சேமியுங்கள்.

13-ஆவது தாள் போன வாரம் வந்தது. திறந்து பார்த்தேன். முகப்பில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: "உங்கள் பதிவில் பிழை இருந்தால் இங்கே தெரிவிக்கவும்." அந்த வரியில் "தெரிவிக்கவும்" என்பதற்குத் "தெரிவிகவும்" என்று இருந்தது. முதல் பிழையாக அதையே தெரிவித்தேன்.